பெயருக்குக் கீழே ஒரு சிவப்புக் கோடு

புது லேப்டாப் வந்திருக்கிறது. மகன் வாங்கிக் கொடுத்தது. பெட்டியைப் பிரித்ததும் குப்பென்று ஒரு பிளாஸ்டிக் வாசனை வந்தது பாருங்கள், அதை மோந்தபடி கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். "என்னம்மா மோந்து பாக்குறீங்க? மீனா வாங்கியாந்திருக்கேன்?" என்றான். அவனுக்கு என்ன தெரியும், அந்த வாசனையோடு நான் மூன்று நான்கு வருஷம் குடித்தனம் நடத்தியவள் என்று.

திறந்ததும் அந்த மிஷின் என் பெயரைச் சொல்லி வணக்கம் வைத்தது. எனக்கு உடனே சந்தேகம் தட்டியது. நான் சொல்லாமல் என் பெயர் இதற்கு எப்படித் தெரியும்? "நான்தாம்மா போட்டேன்" என்றான் மகன். இருக்கலாம். ஆனால் நான் பாதி வார்த்தை அடித்தால் மீதியை அதுவே சாம்பல் நிறத்தில் எழுதிக் காட்டுகிறதே, அதையும் இவனா சொல்லிக்கொடுத்தான்? கேட்காமல் உதவிக்கு வருகிறவர்களை நான் நம்புவதில்லை. மனுஷனாக இருந்தாலும் சரி, மிஷினாக இருந்தாலும் சரி.

இந்தச் சந்தேகப் புத்தி எனக்குப் பிறவியிலேயே இருந்ததா, மெர்லிமாவ் கடையில் வேலை பார்த்தபோது ஒட்டிக்கொண்டதா என்று தெரியவில்லை. கடையில்தான் ஒட்டியது என்று வீட்டுக்காரர் சொல்கிறார். அவர் சொல்வதையும் முழுசாக நம்ப முடியாது.

தொண்ணூறுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். மலாக்காப் பக்கத்துச் சின்ன ஊரான மெர்லிமாவில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிர்வரிசையில், ஒரு சீனருடைய மோட்டார் ஒர்க்‌ஷாப்புக்குப் பக்கத்தில் இருந்தது அந்தக் கடை. போட்டோஸ்டாட் எடுப்போம், விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுப்போம், மலாயில் கடிதம் டைப் அடித்துக் கொடுப்போம். முன்னால் போட்டோஸ்டாட் மிஷின். பின்னால் கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அறை, அதில் கம்ப்யூட்டர். கம்ப்யூட்டருக்கு ஏர்கோன் இருந்தது. போட்டோஸ்டாட் எடுக்கிற பெண்ணுக்குக் காற்றாடிகூடக் கிடையாது. அறைக்குள் போகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும், தூசி போனால் கம்ப்யூட்டருக்கு ஆகாது என்று முதலாளி எங்கேயோ கேள்விப்பட்டிருந்தார். வெளியே கிடந்த செருப்புகளைப் பார்த்துவிட்டு, உள்ளே ஏதோ பூசை நடக்கிறது என்று கையைக் கூப்பிக்கொண்டே வந்தவர்களும் உண்டு.

முதலாளி பழைய தோட்டத்துக் கிராணி. தோட்டத்து ஆபீஸில் உட்கார்ந்து செக்ரோல் என்கிற ஆள்கணக்குப் பேரேட்டை எழுதுகிற கிளார்க்கை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் எப்போதும் ஒரு சிவப்புப் பேனா. நான் அடித்துக் கொடுத்த கடிதத்தில் தப்பு இருக்கிறதோ இல்லையோ, அந்தப் பேனாவின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டுதான் படிக்க ஆரம்பிப்பார். ஊரில் எல்லாரும் முகத்துக்கு நேரே 'கிராணி ஐயா' என்பார்கள். முதுகுக்குப் பின்னால் வேறு மாதிரி.

கம்ப்யூட்டரை வாங்கிப் போட்டது அவர்தான். ஆனால் அதைக் கண்டால் அவருக்கு ஒரு பயம். நான் இரண்டு கீயைச் சேர்த்து அழுத்தினால் பதறிப்போவார். "ரெண்டையும் ஒருமிக்க அமத்தாதையும் பிள்ளை, பழுதாப்போம்" என்பார். ஒரு நாள் அவருக்குக் கன்ட்ரோலும் இசட்டும் சேர்த்து அழுத்திக் காட்டினேன். ஒரு வரியை அழித்தேன், அழுத்தினேன், வரி திரும்பி வந்தது. இன்னொரு தடவை செய்யச் சொன்னார். செய்தேன். கைதட்டுவார் என்று பார்த்தால் முகம் கறுத்துப்போனது.

"அப்ப அழிச்சது அழியேல்லையோ?" என்றார். "இவ்வளவு நேரமும் எங்க போய் இருந்தது?"

அன்றிலிருந்து அவர் முக்கியமான எதையும் கம்ப்யூட்டரில் அடிக்க விடவில்லை. தன் சொந்தக் கடிதங்களைப் பழைய டைப்ரைட்டரில் தானே தட்டிக்கொண்டார்.

எனக்கு அந்தக் குறுக்குவழிகள் என்றால் உயிர். கன்ட்ரோல் எஸ் அழுத்தி அழுத்தி இடது கைச் சுண்டுவிரலே கொஞ்சம் கோணிப்போனது. இப்போதும் கோணல்தான், வந்தால் காட்டுகிறேன். ஒரு பெயரை எடுத்துவிட்டு இன்னொரு பெயரைக் கடிதம் முழுக்க ஒரே தட்டில் போடுவேன். அரசாங்கக் கடிதத்துக்கென்று ஒரு நீளமான மரியாதை வாக்கியம் இருக்கிறதே மலாயில், அதை முழுசாக அடிக்கவே மாட்டேன். இரண்டு எழுத்து அடித்து இடைவெளி விட்டால் வாக்கியம் தானே வந்து நிற்கும்படி செய்து வைத்திருந்தேன். கடிதம் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். அதுதான் வினையாகப் போனது.

"மெல்ல அடியும் பிள்ளை" என்றார் முதலாளி. "ஆக்கள் பாத்துக்கொண்டெல்லோ இருக்கினம். இவ்வளவு கெதியா வந்தால் நம்பமாட்டினம்."

அவர் சொன்னது நிஜம். சட்டென்று கையில் கொடுத்தால், பழைய ஆளுடைய கடிதத்தை ஒப்பேற்றிக் கொடுத்துவிட்டோம் என்று சந்தேகப்படுவார்கள். அதனால் முடிந்துபோன கடிதத்தைத் திரையில் வைத்துக்கொண்டு, நெற்றியைச் சுருக்கி, ஒரு புள்ளியை அழிப்பதும் போடுவதுமாக நடித்துக்கொண்டிருப்பேன். வந்தவர்கள் பக்கத்து நாற்காலியில் பயபக்தியோடு உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இந்த இடத்தில் சிவப்புக் கோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். தனக்குத் தெரியாத வார்த்தை எதைக் கண்டாலும் அதன் கீழே நெளிநெளியாக ஒரு சிவப்புக் கோடு போடும் அந்த மிஷின். அதற்குத் தெரிந்ததோ இங்கிலீஷ் மட்டும். நாங்கள் அடிப்பதெல்லாம் மலாய். ஆரம்பத்தில் பக்கம் முழுக்க சிவப்பாகக் கிடக்கும். அந்த வசதியையே நிறுத்திவிடலாம்தான், ஆனால் செட்டிங்கில் கை வைத்தால் வேலை போய்விடும் என்று முதலாளி சொல்லியிருந்தார். ஆகவே ஒவ்வொரு மலாய் வார்த்தையாக மவுஸின் வலது பக்கத்தை அழுத்தி, 'சேர்' என்று கொடுத்துக்கொண்டே வந்தேன். சேர்த்துவிட்டால் அந்த வார்த்தையின் கீழே மறுபடி கோடு வராது. விண்ணப்பம், ஆதரவு, தயவு, ஐயா, அம்மணி, ஊர்ப் பெயர்கள், அதிகாரிகளின் பதவிகள், அடிக்கடி வருகிற அதிகாரிகளின் பெயர்கள் என்று எல்லாம் உள்ளே போயின. கொஞ்ச மாதத்தில் பக்கம் பளிச்சென்று ஆகிவிட்டது. ஒன்றே ஒன்றுதான் மிச்சம், கடிதம் எழுத வருகிறவர்களின் பெயர். தினம் ஒரு புதுப் பெயர் வரும், ஒரு தடவை வந்து போகிற பெயரைச் சேர்த்து என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன். ஆக, வெள்ளைப் பக்கத்தில் சர்க்கார் வார்த்தை எல்லாம் சுத்தமாக இருக்கும், தமிழ்ப் பெயர் மட்டும் சிவப்புக் கோட்டின் மேல் நிற்கும். அது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.

பவளாயி பெரியம்மா வந்த அன்றுதான் உறைத்தது.

ஏழாங்கட்டைத் தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். குளித்து, பவுடர் போட்டு, கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்திருந்தாலும் கித்தாப் பாலின் புளித்த வாடை அந்தக் குளிரறையில் மெல்ல எழும்பியது. முதலாளி மூக்கைச் சுருக்கிக்கொண்டு முன்பக்கம் போய்விட்டார். எனக்கு அந்த வாடை பிடிக்கும், என் அப்பா பால் லாரி ஓட்டியவர்.

தோட்டத்தை வீடு கட்டுகிற கம்பெனி ஒன்று வாங்கிவிட்டது. தொழிலாளிகள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளை இடிக்கப் போகிறார்கள். இருந்தவர்களுக்கு மலிவு வீடு உண்டு, ஆனால் நீல ஐ.சி., அதாவது நீல அடையாள அட்டை, உள்ளவர்களுக்கு மட்டும். பெரியம்மாவின் கையில் இருந்ததோ சிவப்பு ஐ.சி. இந்த நாட்டில் நீலம் என்றால் குடிமகன். சிவப்பு என்றால் இருந்துகொள்ளலாம், அவ்வளவுதான். அதே லயத்தில் பிறந்தவர்தான் அவர், ஆனால் பிறந்ததை எழுதிவைக்க அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. புருஷன் நீல ஐ.சி.க்காரர், இறந்துவிட்டார். ஒரே மகளைப் புலாவ் செபாங்கில் கட்டிக்கொடுத்திருந்தது.

"மக வீட்டுக்குப் போயிருங்கன்றானுங்க" என்றார் பெரியம்மா. "மருமவன் வீட்டு வாசல்ல போயி துணி மூட்டையோட நிக்க மாட்டேன்மா. எனக்குன்னு ஒரு கதவு வேணும். நல்லா எழுது."

நீல ஐ.சி. கேட்டுச் சர்க்காருக்கு நல்லாத்தான் எழுதினேன். அதாவது, கண்மூடித் திறப்பதற்குள் எழுதிவிட்டு, நெற்றியைச் சுருக்கி நடித்துக்கொண்டிருந்தேன். பெரியம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கண் கூர்மை. மரத்தில் காயம் படாமல் பட்டையைச் சீவுகிற கண் அல்லவா.

"ஏம்மா, அது என்னாது?"

"எது பெரியம்மா?"

"அந்தா, செவப்பா. ஒரு எடத்துல மட்டும் கோடு போட்டிருக்கே."

"அது பேரு பெரியம்மா."

"யாரு பேரு?"

"உங்க பேருதான்."

பெரியம்மா எழுந்துவிட்டார். முகத்தில் கோபம்கூட இல்லை, எதிர்பார்த்தது நடந்துவிட்ட மாதிரி ஒரு முகம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முதலாளி போட்டோஸ்டாட் மிஷின் மேல் சாய்ந்துகொண்டு சிவப்புப் பேனாவால் எதையோ திருத்திக்கொண்டிருந்தார். பெரியம்மா அவரையே பார்த்தார்.

"கெராணி இங்கயும் ஆரம்பிச்சிட்டாரா?"

எனக்கு விளங்கவில்லை. பெரியம்மாதான் விளக்கினார். காலைப் பெரட்டில் ஆள் கூப்பிடும்போது ஒருத்தி கொஞ்சம் பிந்திவிட்டால், அல்லது எதிர்த்து ஒரு வார்த்தை பேசிவிட்டால், கிராணி செக்ரோலில் அவள் பெயருக்குக் கீழே ஒரு சிவப்புக் கோடு இழுத்துவிடுவாராம். அவ்வளவுதான், அன்றைக்கு வேலை இல்லை, திரும்பிப் போக வேண்டியதுதான். தோட்டத்தில் எழுத்துத் தெரியாதவர்களுக்கும் அந்தக் கோடு தெரியும்.

"நான் அந்தத் தோட்டத்தில வேலை செய்யவேயில்லை" என்று முதலாளி பிறகு என்னிடம் சொன்னார். பெரியம்மாவுக்கு அதெல்லாம் கணக்கில்லை. கிராணி என்றால் கிராணிதான்.

நான் கடிதத்தை அச்சடித்துக் காட்டினேன். கறுப்பு மைதான், கோடே இல்லை. பெரியம்மா தாளை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை.

"என் கையில குடுக்குறதுல மறைச்சிட்டீங்க. அங்க ஆபீசுல பாத்தா தெரியும்லா."

இந்த மிஷினுக்கும் சர்க்கார் ஆபீசுக்கும் ஒரு கம்பியும் இல்லை என்றேன். ஏர்கோன் கம்பியைக் காட்டி, "அப்ப அது எங்க போவுது?" என்றார். வேறு வழியில்லாமல் மவுஸை அவர் கண்முன்னே பெயரின் மேல் வைத்து, வலது பக்கத்தை அழுத்தி, 'சேர்' என்று கொடுத்தேன். கோடு போய்விட்டது.

பெரியம்மா திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். "நீயா எடுத்த? அவரக் கேக்காமயா?" என்று ரகசியமாகக் கேட்டார். ஆமாம் என்றேன். என் கன்னத்தை அந்தக் கரகரத்த விரல்களால் தொட்டு வாயில் வைத்துக்கொண்டார். அதை இன்றைக்கும் நினைத்தால் எனக்குக் கண் கலங்கும்.

அப்புறம் பாருங்கள் கூத்தை. ஏழாங்கட்டையிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். கடிதம் எழுத இல்லை, பெயருக்குக் கீழே உள்ள கோட்டை எடுக்க. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, தணிந்த குரலில் பெயரைச் சொல்லி, கோடு விழுவதையும் போவதையும் பார்த்துவிட்டுக் கும்பிட்டுப் போவார்கள். நீல ஐ.சி. வைத்திருந்தவர்களும் வந்தார்கள், எதுக்கும் ஒரு பாதுகாப்புக்கு. ஒருத்தர் தன் வேலை முடிந்ததும் தயங்கி நின்று, "அப்படியே என் மோட்டார் சம்மனையும் எடுத்து வுட்ருமா" என்றார். அது வேற டிபார்ட்மென்ட் அண்ணே என்றேன்.

முதலாளி இதைக் கவனிக்காமல் இருப்பாரா. ஆள் வருகிறார்கள், போகிறார்கள், ஒரு தாள்கூட அச்சாகவில்லை.

"என்ன பிள்ளை நடக்குது இங்க? நீர் ஏதும் தனி வியாபாரம் செய்யிறீரோ?"

நடந்ததைச் சொன்னேன். செக்ரோல் கோட்டைப் பற்றியும் சொன்னேன், ஏன் மறைக்க வேண்டும். மறுநாள் பார்த்தால் அவர் சட்டைப் பாக்கெட்டில் நீலப் பேனா இருந்தது.

பெரியம்மாவைச் சர்க்கார் ஆபீஸில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாராம். "துங்குன்னுட்டாங்க" என்று வந்து சொன்னார். துங்கு என்றால் காத்திரு. காத்திருந்தார். சந்தை நாளில் மெர்லிமாவுக்கு வந்தால் கடைக்கும் ஒரு நடை வருவார். பை நிறைய முருங்கைக்காயோ நெத்திலியோ இருக்கும். "தட்டு" என்பார். பெயரைத் தட்டுவேன். கோடு வராது. "ம்" என்று ஒரு தலையாட்டல், அவ்வளவுதான், போய்விடுவார். லயத்தின் கோடி வீடுகளை இடிக்க ஆரம்பித்த பிறகும் அப்படித்தான் வந்து பார்த்துவிட்டுப் போனார். எனக்கும் பழகிவிட்டது. அவர் வராத வாரத்தில் நானே ஒரு தடவை தட்டிப் பார்த்துக்கொண்டேன் என்றால் சிரிக்காதீர்கள்.

இதற்கிடையில் கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டது. பழசானால் எல்லாம் மெதுவாகத்தான் ஆகும், இப்போது நானும்தான். முதலாளிக்கு மட்டும் காரணம் வேறு.

"கண்ட ஆக்களின்ர பேரெல்லாம் உள்ளுக்க அடைச்சால் பாரம் தாங்குமோ?" என்றார். பெயர்களின் கனத்தால்தான் மிஷின் தளர்ந்துவிட்டது என்று உண்மையிலேயே நம்பினார். நான் லீவில் இருந்த ஒரு நாளில் மலாக்கா டவுனிலிருந்து ஒரு டெக்னீசியனை வரவழைத்து, உள்ளே இருந்ததை எல்லாம் துடைத்துவிட்டுப் புதுசாகப் போட்டுவிட்டார். மிஷின் மெதுவானதற்காகத்தான் செய்தாரா, கிராணிமாரைப் பற்றி ஊர் பேசுவது நிற்க வேண்டும் என்று செய்தாரா? இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு அவர் மேல் அந்தச் சந்தேகம் தீரவில்லை. கேட்டதற்கு, "மிஷினுக்காகத்தான் பிள்ளை, சத்தியமாய்" என்றார். சத்தியம் செய்ததால் சந்தேகம் இன்னும் கூடியது.

திரும்பி வந்து மலாய் வார்த்தைகளை முதலிலிருந்து சேர்த்துக்கொண்டிருந்தேன். அந்த வாரம்தான் பவளாயி பெரியம்மா வந்தார். செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து, பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். நீல ஐ.சி.

நான் கத்தியே விட்டேன். போட்டோஸ்டாட் பெண் ஓடிவந்தாள். முதலாளிகூடக் கண்ணாடிக் கதவைத் திறந்து, "சந்தோசம், சந்தோசம்" என்றார். பெரியம்மா மட்டும் சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து திரைப் பக்கம் திரும்பினார்.

"இப்ப தட்டு."

கீ மேல் கை வைத்த பிறகுதான் எனக்கு ஞாபகமே வந்தது.

"கார்டே வந்திருச்சி, இனிமே இதெல்லாம் எதுக்கு பெரியம்மா?"

"எதுக்கு மழுப்புற? தட்டு."

தட்டினேன். கடைசி எழுத்து முடிந்து இடைவெளி விட்டதும் நெளிநெளியாக வந்து விழுந்தது கோடு. பெரியம்மா அதைப் பார்த்தார். நீல அட்டையைப் பார்த்தார். எடுத்து மறுபடி உறையில் போட்டார்.

"கார்டு குடுத்துட்டாங்க" என்றார். "பேர இன்னும் சேக்கல."

நான் மிஷினைத் துடைத்த கதையைச் சொன்னேன், எல்லார் பெயரும்தான் போய்விட்டது, என் பெயரும் இப்போது சிவப்புதான் என்று தட்டியும் காட்டினேன். பேசிக்கொண்டே மவுஸை அழுத்திச் சேர்த்தேன். அவர் திரையைப் பார்க்கவே இல்லை, முந்தானையை முடிந்துகொண்டிருந்தார்.

"நீ எடுத்துருவேம்மா. அங்க யாரு எடுப்பா?"

கொஞ்ச நாளில் தோட்டத்துக் கோயில் சுவரில் வீடு கிடைத்தவர்களின் பெயர்களை ஒட்டினார்கள். பவளாயி பெரியம்மாவின் பெயர் இல்லை. கம்பெனி பெயர் வாங்குவதை நிறுத்திய பிறகுதான் கார்டு வந்ததாம், அதனால்தான். விவரம் தெரிந்தவர்கள் அப்படித்தான் சொன்னார்கள், நானும் லயத்துக்குப் போய் அதைத்தான் சொன்னேன். பெரியம்மா சண்டைக்கும் போகவில்லை, அழவும் இல்லை. "எனக்கு முன்னாடியே தெரியும்லா" என்றார். அவர் சாமான்களை ஏற்றிக்கொண்டு புலாவ் செபாங்குக்குப் போன லாரி கடை வழியாகத்தான் போனது. டிரைவர் பக்கத்தில் துணி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் கையசைத்தேன். பார்த்தாரா தெரியாது.

இப்போது ஏழாங்கட்டையில் தோட்டமும் இல்லை, லயமும் இல்லை. வரிசை வரிசையாக வீடுகள், எல்லாவற்றிலும் இரும்புக் கதவு. கடை இருந்த இடத்தில் கைப்பேசி உறை விற்கிறார்கள். முதலாளி போய்ச் சேர்ந்துவிட்டார். பெரியம்மாவும் மகள் வீட்டிலேயே இறந்துபோனார் என்று, இறந்து வெகுநாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

மிஷினுக்கும் அந்தச் சுவரில் ஒட்டிய தாளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அதை உள்ளும் புறமும் தெரிந்தவள் நான். இருந்தாலும் எந்தப் புது மிஷின் கைக்கு வந்தாலும் முதலில் அந்தப் பெயரைத்தான் தட்டிப் பார்ப்பேன். இன்றைக்கும் தட்டினேன். என் பெயரை நான் சொல்லாமலே சொல்கிறது, பாதி வார்த்தை அடித்தால் மீதியை ஊகிக்கிறது, ஆனால் பவளாயி என்று அடித்ததும் கீழே சிவப்பாக நெளிந்தது. மகன் பார்ப்பதற்குள் வலது பக்கத்தை அழுத்திச் சேர்த்துவிட்டேன். கோடு போய்விட்டது. மூடிவிட்டுத் திறந்து மறுபடி தட்டிப் பார்த்தேன், வரவில்லை.

எதற்கும் நாளைக்கு இன்னொரு தடவை பார்த்துவிட வேண்டும்.